மூன்றுக்கும் நான்குக்கும் நடுவே

இந்த ஆண்டு இது பதினேழாவது கடைவாய்ப் பல்
என்றார் பல் மருத்துவர்.
எல்லாம் ஒரே மாதிரி, குறுக்கே விரிசல்.
"இரவில் எதை மெல்கிறீர்கள், புரோகொலோ?"
வாயில் பஞ்சு. பதில் சொல்ல முடியவில்லை.
சொல்ல முடிந்திருந்தாலும்
ஊரை என்றுதான் சொல்லியிருப்பேன்.

பொட்சுவோலியில் தரை எழும்புகிறது,
மாதத்துக்கு ஒரு விரற்கடை.
துறையில் படகுகள்
சேற்றில் ஒருக்களித்துக் கிடக்கின்றன.
கடல் வற்றிவிட்டதா என்று கேட்கிறார்கள் வெளியூர்க்காரர்கள்.
கடல் இருந்த இடத்திலேயே இருக்கிறது.
நாங்கள்தான் ஏறிக்கொண்டிருக்கிறோம்,
விருப்பமில்லாமல்.

என் வேலை லிஃப்ட் பழுது பார்ப்பது.
தரை ஆடினால் லிஃப்ட் நின்றுவிடும்.
அது எந்திரத்தின் நல்ல புத்தி.
எங்கே நிற்பது என்பது மட்டும்
அதன் கையில் இல்லை.

கதவிடுக்கில் வாயை வைத்துப் பேசுவேன்.
முதுகைச் சுவரில் சாய்த்துக்கொள்ளுங்கள்.
காலில் என்ன போட்டிருக்கிறீர்கள்?
என்ன நிறம்?
வார் தேய்ந்திருக்கிறதா, புதிதா?
இன்னும் எவ்வளவு நேரம் என்று உள்ளிருந்து கத்துவார்கள்.
அதற்கு மட்டும் பதில் சொல்வதில்லை.
செருப்பைப் பற்றியே கேட்டுக்கொண்டிருப்பேன்,
சாவி திரும்பும்வரை.

நுன்ட்சியா பதினோரு வாரமாகக் காரில் தூங்குகிறாள்,
இருக்கையைச் சாய்த்து, ஷூவோடு.
நான் மேலே, கட்டிலில்.
வீரமெல்லாம் இல்லை.
காரில் எனக்குக் கால் நீட்ட முடியாது.
விடிகாலையில் ஜன்னலில் நின்று பார்ப்பேன்,
கண்ணாடியில் அவள் மூச்சு படிந்திருக்கிறதா என்று.
படிந்திருந்தால் காபி போடுவேன்.

மே மாதம் ஒன்பது நாள் எதுவும் ஆடவில்லை.
அந்த ஒன்பது நாளும்
மேசைமேல் தண்ணீர் டம்ளரை வைத்து
அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
பத்தாம் நாள் தண்ணீர் நடுங்கியது.
அப்பாடா என்றேன்.
சொன்னபிறகுதான் என் குரலே எனக்குக் கேட்டது.

பொலோன்யாவில் மகள் வீட்டுக்குப் போனோம்.
அங்கே தரை வெறும் தரை.
யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை.
இரவுச் சாப்பாட்டின்போது
துணி துவைக்கும் எந்திரம் உச்சச் சுழற்சிக்கு வந்தது.
அடுத்த கணம் நான் வாசல் நிலைக்குக் கீழே,
கையில் முட்கரண்டி,
அதன் முனையில் பாஸ்தா.
மகள் எதுவும் கேட்கவில்லை.
எழுந்து போய் எந்திரத்தை நிறுத்தினாள்.
நாங்கள் இருந்த மிச்ச நான்கு நாளும்
குளியல் தொட்டியில் கையால் துவைத்தாள்,
குழாயைக்கூட மெதுவாகத் திறந்து.

செப்டம்பரில் ஓர் இரவு.
ஒரே ஆட்டத்தில் பதினான்கு லிஃப்ட்.
கடைசியாக எஸ்தெரீனா, மருந்துக்கடையில் வேலை செய்பவள்,
மூன்றாம் மாடிக்கும் நான்காம் மாடிக்கும் நடுவே,
ஒரு பை நெத்திலியோடு.
நீலச் செருப்பு. வார் தேய்ந்தது.
வெளியே இழுத்துவிட்டேன்.
நன்றி சொன்னாள். கையெழுத்து வாங்கினேன்.

கீழே வேனில் உட்கார்ந்தேன்.
சாவி கையில்.
கை திரும்பவில்லை.
வலியில்லை, பயம்கூட இல்லை.
யாரோ ஒருவருடைய கையை
என் மடியில் வைத்துவிட்டுப் போனதுபோல இருந்தது.

எவ்வளவு நேரமோ.
பக்கத்துக் கதவு திறந்தது.
நெத்திலிப் பையோடு எஸ்தெரீனா ஏறி உட்கார்ந்தாள்.
தெருவைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்:
"காலில் என்ன போட்டிருக்கிறீர்கள்?"

பூட்ஸ்.

"என்ன நிறம்?"

பழுப்பு. பழுப்பாக இருந்தது.

"கயிறு?"

குனிந்து பார்த்தேன். இடது கால் அவிழ்ந்திருந்தது.
எப்போதிலிருந்தோ.
அதைக் கட்ட இரண்டு தடவை ஆயிற்று,
மூன்றாவது தடவை நின்றது.
வேனுக்குள் மீன் வாடை ஏறிக்கொண்டிருந்தது.
இருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

நகராட்சி ஒரு மேசை போட்டிருக்கிறதாம்,
செவ்வாயும் வியாழனும்,
பேச நினைப்பவர்கள் வரலாமாம்.
நுன்ட்சியா விலாசத்தைக் குளிர்பெட்டியில் ஒட்டியிருக்கிறாள்.
ஐந்தாம் மாடி.
அந்த லிஃப்டை எனக்குத் தெரியும்.
படியேறித்தான் போகவேண்டும்.